தை கடைசி வாரம்: டெல்டாவுக்கு இன்னொரு கிழக்கு அலை. அறுவடையை எப்படித் திட்டமிடுவது?

வடகிழக்கு (திருவாரூர்) – செவ்வாய், இரவு 8:10

வணக்கம். சம்பா அறுவடை பாதிகூட முடியாத நேரத்தில் இலங்கைக்குத் தென்கிழக்கே மறுபடியும் ஒரு கிழக்கு அலை (கிழக்குக் காற்றோடு மேற்கே நகர்ந்து வரும் மழை மேகச் சுழற்சி) தெரிகிறது. சனி இரவிலிருந்து திங்கள் வரை டெல்டா கடலோரத்தில் மழைக்கு வாய்ப்பு இருக்கிறது. மதியத்திலிருந்து வாட்ஸ்அப்பில் "புயல் வருது" என்று ஒரு படம் சுற்றுகிறது. புயல் இல்லை. அதற்கான அறிகுறி எதுவும் இப்போது கடலில் இல்லை. ஆனால் புயல் இல்லையே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது.

நாளை புதன் முதல் வெள்ளி வரை வறண்ட வானிலைதான். அதிகாலையில் நல்ல பனி இறங்கும். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் மூடுபனி காலை எட்டு, எட்டரை வரைக்கும் கலையாது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சனிக்கிழமை காலையில் காற்று வடகிழக்கிலிருந்து முழுக்கக் கிழக்குக்குத் திரும்பும், வானத்தில் மேகம் சேரும். ஞாயிறு அதிகாலை இரண்டு மூன்று மணி வாக்கில் வேதாரண்யம், நாகை, காரைக்கால் கடலோரத்தில் மழை தொடங்கலாம். ஞாயிறும் திங்களும் விட்டுவிட்டுப் பெய்யும். என் கணிப்பில் கடலோரத்தில் 2 முதல் 4 செ.மீ., ஓரிரு ஊர்களில் 6, 7 வரை போகலாம். தஞ்சாவூர், திருச்சிக்கு உள்ளே வர வரக் குறையும்.

இந்த அளவை நவம்பர் கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த இழையை ஆரம்பித்தேன். நவம்பரில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தாலும் பயிர் பச்சையாக நிற்கிறது, வடிகால் சரியாக இருந்தால் தண்ணீர் போய்விடும். இப்போது கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கிறது. 3 செ.மீ. மழையோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்தால் படுத்துவிடும். படுத்த கதிர் ஈர மண்ணில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் முளை விட்டுவிடும். அறுவடை மெஷின் இறங்கும் அளவுக்கு வயல் காய மேலும் நாலைந்து நாள் வேண்டும். அதனால் இந்த மாதத்தில் எத்தனை செ.மீ. என்பதைவிட, எந்த நேரத்தில் தொடங்கும், அதற்கப்புறம் எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பது மூன்றரை நாள். எந்த வயலை முதலில் அறுப்பது என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

நெல்மணி (திருத்துறைப்பூண்டி) – செவ்வாய், இரவு 8:52

நன்றி அண்ணா. எங்களுக்கு சிஆர் 1009 ரக நெல் நாலு ஏக்கர் நிற்கிறது. இரண்டு ஏக்கர் நன்றாகப் பழுத்துவிட்டது, மீதியில் அடிக்கதிர் இன்னும் பச்சை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போதும் முதலில் லேசான மழை என்றுதான் பேச்சு. கடைசியில் தாழ்வு மண்டலமே வந்து இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. இங்கே பயிர் மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, சரிதான். ஆனால் ஒரு போகத்து உழைப்பு அதில் ஈடாகாது.

நாலு ஏக்கரையும் சனிக்குள் அறுத்துவிடலாமா?

சென்னை மேகம் – செவ்வாய், இரவு 9:05

நான் பார்க்கும் செயலியில் ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்துக்கு 11 செ.மீ. காட்டுகிறது. வடகிழக்கு சார் 2 முதல் 4 என்கிறார். எதை நம்புவது?

வடகிழக்கு (திருவாரூர்) – செவ்வாய், இரவு 9:40

சென்னை மேகம், செயலி காட்டுவது ஒரே ஒரு கணினி மாதிரியின் (வானிலையைக் கணிக்கும் நிரல்) ஒரே ஒரு ஓட்டம். மாதிரிகள் முக்கியமாக நம் நேரப்படி காலை 5:30, மாலை 5:30 நிலவரத்தை வைத்து ஓடுகின்றன. நாளைக் காலை ஓட்டம் வந்ததும் அந்த 11 ஆனது 3 ஆகலாம், 14 கூட ஆகலாம். ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 கணிப்புகளைச் சேர்த்து ஓட்டுகிறது. அதைத்தான் நான் பார்க்கிறேன். இன்றைய நிலையில் பெரும்பாலானவை டெல்டா கடலோரத்துக்கு மழை உண்டு என்கின்றன. பெருமழை என்று சொல்பவை சிலதான். இன்னும் நாலு நாள் இருக்கும்போது மழை வருமா என்பதைத்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எந்த ஊரில் எவ்வளவு என்பது வெள்ளிக்கிழமைதான் தெளிவாகும்.

நெல்மணி தம்பி, நாலையும் அறுக்க வேண்டாம். நூறு மணியில் எண்பது எண்பத்தைந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் அறுக்கலாம். அடிக்கதிர் பச்சையாக இருக்கும்போது அறுத்தால் அரைப் பாலாக இருக்கும் மணியும் சேர்ந்து வரும், ஈரப்பதம் ஏறும், எடையும் போகும். பழுத்த இரண்டு ஏக்கரில் பள்ளமான வயல் எதுவோ அதில் முதலில் மெஷினை இறக்குங்கள்.

சிதம்பரம்வாசி – செவ்வாய், இரவு 10:15

வடகிழக்கு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2024 ஜனவரி 7, 8-ஐ நினைத்துப் பாருங்கள். புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. வெறும் வளிமண்டலச் சுழற்சியும் கிழக்குக் காற்றும்தான். நாகை, சீர்காழி, எங்கள் சிதம்பரப் பக்கமெல்லாம் ஒரே நாளில் 20 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அதனால் "புயல் இல்லை" என்பதை யாரும் "ஆபத்து இல்லை" என்று படிக்கக் கூடாது.

வடகிழக்கு (திருவாரூர்) – செவ்வாய், இரவு 10:31

உண்மை. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஜனவரி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழையே அந்த ஆண்டு ஜனவரி நடுவில்தான் விலகியது. கடல் இன்னும் சூடாக இருந்தது, காற்றில் ஈரப்பதம் மூன்று நாலு கிலோமீட்டர் உயரம் வரை இருந்தது. இப்போது பிப்ரவரி. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை ஈரக்காற்று இருக்கிறது, அதற்கு மேலே வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. மேகம் எழும்பும்போது அந்த வறண்ட காற்று அதை அமுக்கிவிடும். இந்த மாதத்தில் பெரும்பாலான கிழக்கு அலைகள் தூறலோடு போவது இதனால்தான்.

அதற்காக அசட்டையாக இருக்கச் சொல்லவில்லை. 2022-இல் மார்ச் முதல் வாரத்திலேயே தென்மேற்கு வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. அரிதுதான், ஆனால் நடந்தது. வறண்ட காற்று விலகி வழிவிடுகிறதா என்பதை வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பார்த்துச் சொல்கிறேன்.

காவிரிக்கரை (நன்னிலம்) – புதன், காலை 6:20

இங்கே இப்போது பத்தடி தள்ளி நிற்கும் தென்னை தெரியவில்லை, அப்படி மூடுபனி. மெஷின்காரர் ஏழு மணிக்கே வருகிறேன் என்கிறார். வரச் சொல்லலாமா? வாடகை மணிக்கணக்கு என்பதால் கேட்கிறேன்.

நெல்மணி (திருத்துறைப்பூண்டி) – புதன், காலை 6:48

வேண்டாங்க. பனி சொட்டச் சொட்ட அறுத்தால் வைக்கோல் உருளையில் சுற்றிக்கொள்ளும், மணி முழுசாகப் பிரியாமல் வைக்கோலோடு பின்னால் போய்விடும். பத்து, பத்தரைக்கு இலையைக் கையால் உருவிப் பாருங்கள். கை நனையாவிட்டால் இறக்கலாம்.

வடகிழக்கு (திருவாரூர்) – புதன், காலை 7:15

நெல்மணி சொல்வதுதான் சரி. இன்றும் நாளையும் பத்தரையிலிருந்து மாலை ஆறு வரை தாராளமாக ஓட்டலாம், வெயிலும் இருக்கும், காற்றும் இருக்கும். ஆறுக்கு மேல் பனி மறுபடி இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு ஏழு, ஏழரை மணி நேரம்தான் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு மெஷினைப் பேசுங்கள்.

மூடுபனி இவ்வளவு இருப்பதற்குக் காரணம், மேலே மேகமே இல்லை. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் முழுக்க விட்டுவிடுகிறது. நம் வயல்களில் ஈரம் இருக்கிறது, காற்றும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை இரவில் பனி குறைந்து புழுக்கமாகத் தெரிந்தால் கிழக்குக் காற்றோடு மேகம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செயலி இல்லாதவர்கள்கூட இதைக் கவனிக்கலாம்.

ஊட்டி மலைச்சாரல் – புதன், காலை 9:30

டெல்டா இழையில் மலைக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். இங்கே தலைகுந்தா, காந்தல் பக்கம் இன்றும் புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. செய்தியில் குறைந்தபட்சம் 4 டிகிரி என்றார்கள். 4 டிகிரியில் எப்படி உறையும் என்று பலரும் கேட்கிறார்கள். அப்புறம், இந்த மழை எங்களுக்கும் வருமா? உருளைக்கிழங்கும் தேயிலையும் கருகுகிறது.

வடகிழக்கு (திருவாரூர்) – புதன், மதியம் 1:05

வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், மரப்பெட்டிக்குள் இருக்கிறது. காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். பெட்டிக்குள் 4 டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பி, அதே எஸ்டேட்டின் பள்ளம் கருகுகிறது.

வெள்ளி காலை வரை உங்களுக்கு உறைபனி தொடரும். சனி இரவு முதல் மேகம் வந்துவிட்டால் குறைந்தபட்ச வெப்பநிலை நாலைந்து டிகிரி ஏறிவிடும், உறைபனி நின்றுவிடும். மழை பெரிதாக இல்லை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தூறல் இருக்கலாம். அதுவரை காய்கறிக்கு வெயில் படும் முன்னால் தண்ணீர் தெளித்து விடுங்கள். தேயிலைக் கன்றுகளை இரவில் தழை போட்டு மூடி வையுங்கள்.

வேதை உப்பளம் – புதன், மாலை 5:44

எங்களையும் கொஞ்சம் கவனியுங்கள் ஐயா. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காட்டில் இப்போதுதான் பாத்தி மிதித்து, சேறு எடுத்து, தண்ணீர் ஏற்றி முதல் உப்பு வாருகிறோம். 1 செ.மீ. பெய்தாலும் பாத்தியில் ஏற்றின உவர்நீர் நீர்த்துப்போகும். மறுபடி அது முறுகி உப்புப் பூக்க வாரக்கணக்கில் ஆகும். நெல்லுக்கு நிவாரணம் என்று யாராவது பேசுகிறார்கள், உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லாத நாளுக்குக் கூலி தர யாரும் இல்லை. ஞாயிறு உறுதி என்றால் வாரிப் போட்ட உப்பையாவது கரையில் ஏற்றிக் கீற்றுப் போட்டு மூடிவிடுவோம்.

வடகிழக்கு (திருவாரூர்) – புதன், இரவு 8:30

உங்கள் ஊருக்குத்தான் முதலில் வரும் ஐயா. கோடியக்கரை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் கிழக்குக் காற்று முதலில் தொடுகிற இடம் அது. வேறு ஊரில் தப்பினாலும் வேதாரண்யத்தில் மழை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சனி மதியத்துக்குள் உப்பை ஏற்றி மூடிவிடுங்கள். புதிதாகப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுவதைச் செவ்வாய் வரை தள்ளிப் போடலாம்.

மாந்தோட்டம் (நத்தம்) – வியாழன், காலை 7:50

எங்கள் பக்கம் மாமரம் பூவாகப் பூத்து நிற்கிறது. இந்தப் பனிக்கே தத்துப்பூச்சி வந்துவிட்டது. பூ மேல் மழை விழுந்தால் கொட்டிப்போகும், சாம்பல் நோயும் வரும். மருந்து அடிக்க இன்று ஆள் சொல்லியிருக்கிறேன். அடிக்கலாமா, மழைக்கு அப்புறம் பார்க்கலாமா?

வடகிழக்கு (திருவாரூர்) – வியாழன், காலை 8:20

இன்றே அடித்துவிடுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஞாயிறு மாலை ஓரிரு இடங்களில் லேசான மழைதான், அதுவும் சிறுமலை, நத்தம் மலையோரத்தில். மருந்து காய்ந்து பிடிக்க உங்களுக்கு முழுசாக இரண்டு நாள் இருக்கிறது. மருந்து, அளவு பற்றி உங்கள் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள், அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

சென்னை மேகம் – வியாழன், காலை 11:10

வானிலை மைய அறிக்கையில் "கடலோரத் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை" என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் ஊருக்கு ஒரு மழையா, மாவட்டத்துக்கு ஒரு மழையா?

சிதம்பரம்வாசி – வியாழன், காலை 11:35

அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்குள் மழை பெய்தால் ஓரிரு இடங்கள். கால்வாசிக்கு மேலே பாதி வரைக்கும் போனால் ஒருசில இடங்கள். பாதியைத் தாண்டி முக்கால் வரைக்கும் ஒரு படி, அதற்கும் மேலே பெரும்பாலான இடங்கள். கனமழை என்று எழுதினால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அந்த 24 மணி நேரமும் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அறிக்கையில் நிறைய விஷயம் இருக்கிறது. இன்றைய அறிக்கையில் வந்த சொல் நாளைக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.

வடகிழக்கு (திருவாரூர்) – வியாழன், இரவு 9:20

இன்றைய நிலவரம். இலங்கைக்குத் தென்கிழக்கே சுழற்சி தெளிவாகத் தெரிகிறது. மெதுவாக மேற்கே நகர்கிறது. இனி எல்லாம் அது எடுக்கும் பாதையைப் பொறுத்தது. இலங்கைக்குக் கிழக்கிலேயே ஒரு நாள் தங்கினால் கிழக்குக் காற்று நம் கரையில் வந்து குவியும், டெல்டாவுக்கு நல்ல மழை. வேகமாக இலங்கையின் தெற்கே கடந்து குமரிக்கடல் போய்விட்டால் மழையின் பெரும்பங்கு தூத்துக்குடி, நெல்லை, குமரிக்குப் போகும். நமக்குத் தூறலோடு விடும்.

இன்று மாலை ஓட்டங்களில் இரண்டாவது பாதைக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு மெஷினைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முற்றின வயலை முன்கூட்டி அறுத்ததால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மட்டக்களப்பான் – வெள்ளி, காலை 6:05

அண்ணன், நான் மட்டக்களப்பில் இருந்து இந்த இழையை வாசிக்கிறனான். இங்கே பெரும்போக வெள்ளாமை வெட்டுத் தொடங்கியாச்சு. அம்பாறைப் பக்கம் இரவு பதினொரு மணிக்குப் பிறகு மழை தொடங்கினது, இப்பவும் விடவில்லை. காற்று பெரிதாக இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு, ஊவா மாகாணங்களுக்கு மழை சொல்லியிருக்கு. உங்கள் பக்கம் சனிக்கிழமை என்று சொன்னது சரியாகத்தான் வரும் போல.

வடகிழக்கு (திருவாரூர்) – வெள்ளி, காலை 7:00

மிகவும் நன்றி தம்பி. எங்களுக்கு முன்னால் அந்த மேகத்தைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். காற்று எந்தத் திசையில் இருக்கிறது, மழை விட்டுவிட்டா, தொடர்ந்தா என்பதை மாலையில் ஒருமுறை எழுதுங்கள். காற்று உங்களிடத்தில் கிழக்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பினால் சுழற்சி உங்களைத் தாண்டி மேற்கே போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வெள்ளாமைக்கும் சேதம் இல்லாமல் போகட்டும்.

நெல்மணி (திருத்துறைப்பூண்டி) – வெள்ளி, இரவு 7:25

பழுத்த இரண்டு ஏக்கரும் முடிந்தது. சக்கரத்துக்குப் பதிலாகப் பெல்ட்டில் ஓடும் மெஷின்தான் கிடைத்தது, பள்ளத்து வயலுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. நெல் களத்தில் கொட்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் மாதிரி கொண்டுபோய்க் காட்டினேன். கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டுப் பார்த்ததில் ஈரப்பதம் 20 சதவீதம் காட்டியது. 17-க்கு மேல் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் மாநில அரசு மத்திய அரசிடம் 22 வரை தளர்த்தச் சொல்லிக் கேட்கிறது, ஒப்புதல் வருவதற்குள் எங்கள் நெல் மழையில் நனைந்துவிடுகிறது. இது யார் தப்பு என்று சண்டை போட நேரம் இல்லை, நாளை ஒரு நாள் வெயில் கிடைக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்.

வடகிழக்கு (திருவாரூர்) – வெள்ளி, இரவு 8:15

நாளை மதியம் இரண்டு, மூன்று வரை வெயில் கிடைக்கும். முழு வெயில் இல்லை, இடையிடையே மேகம் மறைக்கும். ஆனால் கிழக்குக் காற்று வீசும், அதுவும் உலர்த்தும். காலை ஒன்பதுக்குப் பனி விலகியதும் நெல்லை மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறி விட்டால் மூன்று சதவீதம் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். மூன்று மணிக்குக் குவித்துவிடுங்கள், நாலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

காவிரிக்கரை (நன்னிலம்) – வெள்ளி, இரவு 8:40

குவியலைத் தார்ப்பாய் போட்டு நேரடியாக மூடாதீர்கள். உள்ளே சூடு ஏறி, தார்ப்பாயின் அடிப்பக்கம் வியர்த்து மேல் நெல் நனைந்துவிடும். முதலில் வைக்கோல் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி அதற்கு மேல் தார்ப்பாய். களத்தைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடுங்கள், அடியில் தண்ணீர் ஊறாது. காலையில் மழை விட்டிருந்தால் உடனே ஒரு பக்கம் திறந்து ஆவி போக விட வேண்டும்.

தாமிரபரணி (அம்பாசமுத்திரம்) – சனி, மாலை 6:30

மேற்கே மலை முழுக்க மறைந்துவிட்டது. மாஞ்சோலைப் பக்கம் மதியத்திலிருந்தே மழை என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஊரில் இன்னும் இல்லை, புழுக்கம் அதிகம்.

மட்டக்களப்பான் – சனி, மாலை 6:50

இங்கே மழை குறைந்துவிட்டது. காற்று தென்கிழக்கால வீசுது.

வடகிழக்கு (திருவாரூர்) – சனி, இரவு 7:30

இரண்டு பதிவையும் சேர்த்துப் பார்த்தால் சுழற்சி இலங்கையைத் தெற்கே கடந்து குமரிக்கடலை நோக்கிப் போகிறது. பெரிய மழை நெல்லை, தென்காசி, குமரி மலைச்சரிவுக்கு. கிழக்குக் காற்று நேராக மலையில் மோதி மேலே ஏறுவதால் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துவுக்குக் கனமழைகூட வரலாம்.

டெல்டாவுக்கு மழை இல்லை என்று அர்த்தம் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்றும் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றும் கரையோரத்தில் முட்டிக்கொள்ளும். விடியற்காலை மழை அதனால்தான். நாகை, வேதாரண்யம், காரைக்காலுக்கு 1 முதல் 3 செ.மீ. என்று இப்போது கணிக்கிறேன். திருவாரூர், மன்னார்குடிக்கு ஒரு செ.மீ.க்குள். காரைக்கால் ரேடார் படத்தை இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் கரையை நோக்கி வரும் மேகம் தெரியும். களத்தில் காவல் படுத்திருப்பவர்கள் அதைப் பாருங்கள்.

வேதை உப்பளம் – ஞாயிறு, காலை 6:10

மூன்று மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் பெய்தது. இப்போது தூறல். வாரின உப்பெல்லாம் கரையில் மூடிக் கிடக்கிறது, நனையவில்லை. பாத்தி போயிற்று.

நெல்மணி (திருத்துறைப்பூண்டி) – ஞாயிறு, காலை 7:40

இங்கே அரை மணி நேரம் பலமாகப் பெய்தது. நேற்று மாலை நெல் 17-க்கு வந்துவிட்டது. ஞாயிறு நிலையம் லீவு என்பதால் களத்தில்தான் இருக்கிறது. வைக்கோல், தார்ப்பாய் எல்லாம் காவிரிக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே போட்டோம். இப்போது ஒரு பக்கம் திறந்துவிட்டேன், உள்ளே கையை விட்டால் இளஞ்சூடாக இருக்கிறது, ஈரம் இல்லை. அறுக்காமல் விட்ட இரண்டு ஏக்கரில் வரப்போரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மற்றபடி நிற்கிறது.

காவிரிக்கரை (நன்னிலம்) – ஞாயிறு, காலை 8:15

எங்களுக்குத் தூறல்தான். இன்னும் ஒரு செ.மீ. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேட்டூரை ஜனவரி 28-ஓடு மூடிவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து இப்போதுதான் இரண்டு இலை விட்டிருக்கிறது. நெல் அறுக்காதவர்களுக்கு மழை வேண்டாம், அறுத்து முடித்தவர்களுக்கு வேண்டும். ஒரே ஊரில் இரண்டு பேரும் இருக்கிறோம்.

நெல்மணி (திருத்துறைப்பூண்டி) – ஞாயிறு, காலை 8:30

சரிதான் அண்ணா. அறுத்த இரண்டு ஏக்கரில் நானும் உளுந்து போட வேண்டும். மெஷின் ஓடினால் முன்னால் தெளித்த விதை நசுங்கிவிடுகிறது என்று இந்த வருஷம் தெளிக்காமல் விட்டேன். அறுத்த வயலில் இப்போது மழை ஈரம் இருக்கிறது. நாளைக்கே விதைத்துவிடலாமா?

சிதம்பரம்வாசி – ஞாயிறு, காலை 9:10

மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். மெழுகுப் பதத்தில் இருந்தால் விதைக்கலாம். விரல் இடுக்கில் சேறு வழிந்தால் பொறுங்கள், பெல்ட் மெஷின் ஓடின தடத்தில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். தடத்திலிருந்து தண்ணீரை முதலில் வெட்டி விடுங்கள்.

வடகிழக்கு (திருவாரூர்) – ஞாயிறு, இரவு 8:00

நாளை திங்கள் காலையும் கடலோரத்தில் ஓரிரு தூறல் இருக்கும், மதியத்துக்கு மேல் வானம் தெளிய ஆரம்பிக்கும். செவ்வாயிலிருந்து காற்று மறுபடி வடகிழக்கு, மேலே வறண்ட காற்று. அடுத்த ஞாயிறு வரை டெல்டாவுக்கு மழை தெரியவில்லை. ஈரமான தரை, தெளிந்த வானம் இரண்டும் சேர்வதால் செவ்வாய், புதன், வியாழன் அதிகாலையில் மூடுபனி போன வாரத்தைவிடக் கெட்டியாக இருக்கும். நாகை, திருவாரூர் சாலையில் விடியற்காலை நெல் லாரி ஓட்டுபவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் ஏழரைக்கு மேல் கிளம்புவது நல்லது.

நெல்மணி தம்பி, நாளை காலை நிலையம் திறந்ததும் நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மூடுபனி வாரத்தில் களத்தில் கிடந்தால் 17 மறுபடி 18, 19 ஆகிவிடும். உளுந்தைப் புதன்கிழமை பார்த்து விதையுங்கள். அறுக்காத இரண்டு ஏக்கருக்கு இன்னும் ஐந்தாறு நாள் வெயில் கிடைக்கும், பச்சை முழுக்கத் திரும்பட்டும். மெஷினை வெள்ளிக்கிழமைக்கே சொல்லி வைத்துவிடுங்கள், அன்று எல்லாரும் கேட்பார்கள்.

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. சிக்கல், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டால் உங்கள் வட்டாரத்துக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். அது வந்ததும் இங்கேயே போடுகிறேன்.